'மற்றும் பலர்' என்று போட்டிருந்தீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பழைய சேலத்துப் படங்களோடு ஓர் ஆபரேஷன் தியேட்டர் படமும் வந்திருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் மேஜை, மேலே கவிழ்த்த குடை மாதிரி விளக்கு, சுற்றிலும் ஆறு பேர். படத்துக்குக் கீழே சர்ஜன் பெயர், உதவி சர்ஜன் பெயர், மயக்க மருந்து டாக்டர் பெயர், அப்புறம் 'மற்றும் பலர்'.

எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது என் தொழில். பெயர் இல்லாத மூன்று பேரில் ஒருவர் ஸ்டிரெச்சர் தள்ளுபவர், ஒருவர் பயிற்சிக்கு வந்த மாணவி. மூன்றாவது ஆள் இடது ஓரத்தில் டிராலிக்குப் பின்னால், இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகக் கோத்துக்கொண்டு நிற்கிறார். பார்க்கிறவர்களுக்குச் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். கை கழுவி கிளவுஸ் போட்ட பிறகு இடுப்புக்குக் கீழே கை இறங்கக் கூடாது, தோளுக்கு மேலே ஏறவும் கூடாது. அதனால் வேலை இல்லாத நிமிஷத்தில் கை அங்கேதான் இருக்கும். முகம் மாஸ்க்குக்குள் இருந்தாலும் அந்த நிற்பை வைத்தே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு தியேட்டர் வேலை சொல்லிக் கொடுத்த சிஸ்டர் அவர்.

நான் 1978 முதல் 2014 வரை நர்ஸாக இருந்தவள். அதில் பெரும்பகுதி தியேட்டரில். பிறந்தது ஏற்காட்டுக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. சாயங்காலம் பழம் பறித்த பெண்கள் இறங்கி வரும்போது காலையில் ஏறிய தலைகளும் இறங்கிய தலைகளும் சரியாக இருக்கிறதா என்று நோட்டில் டிக் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். ஒரு தலை குறைந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு அவரே மேலே போய்விடுவார். எனக்கு அந்தப் பழக்கம் எங்கே பயன்பட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் "தியேட்டர்ல வேலை" என்று சொன்னால், "மாடர்ன் தியேட்டர்ஸா?" என்பார்கள். சேலத்தில் அது நியாயமான கேள்வி. ஏற்காடு ரோட்டில் அந்த சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. என் பெரியம்மா, "பொண்ண சினிமாவுக்கா அனுப்பிட்ட?" என்று அப்பாவிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பெரியம்மா சொன்னதும் முழுத் தப்பில்லை. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1822இல் கட்டிய ஆபரேஷன் கூடம் நிஜமாகவே கொட்டகைதான். நடுவில் மரமேஜை, சுற்றிலும் படிப்படியாக மரக் கேலரி, மாணவர்கள் நெருக்கியடித்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மேஜைக்குக் கீழே ரத்தம் விழ மரத்தூள் பெட்டி. சர்ஜன் போட்டிருக்கும் கோட்டைத் துவைப்பதே இல்லை. மயக்க மருந்தும் கிடையாது. அது 1846 அக்டோபர் 16இல்தான் வந்தது, பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் டாக்டர் ஈதர் கொடுத்துக் காட்டியபோது.

அந்த நாளில் தியேட்டரில் நர்ஸுக்கு என்ன வேலை என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. கத்தி எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது எல்லாம் டிரஸ்ஸர் எனப்படும் மருத்துவ மாணவர்கள் கையில். அதே செயின்ட் தாமஸில்தான் 1860இல் நைட்டிங்கேல் அம்மையார் பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். நர்ஸ் வேலை படித்துச் செய்ய வேண்டிய வேலை ஆனது. ஆனாலும் அது வார்டு வேலையாகத்தான் இருந்தது.

தியேட்டர் நர்ஸ் என்ற தனி ஆளை உண்டாக்கியது கிருமிதான் என்பது என் அபிப்பிராயம். 1865இல் கிளாஸ்கோவில் வண்டிச் சக்கரம் ஏறி கால் உடைந்த 11 வயதுப் பையனுக்கு லிஸ்டர் என்ற சர்ஜன் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். எலும்பு வெளியே தெரிகிற அந்த மாதிரிக் காயத்துக்கு அப்போதெல்லாம் காலையே எடுத்துவிடுவார்கள். பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான். சரி, கிருமியைக் கொல்லலாம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒவ்வொரு கேஸுக்கும், ஒவ்வொரு துணிக்கும், ஒவ்வொரு கத்தரிக்கோலுக்கும் யார் காவல் இருந்து பார்ப்பது? சர்ஜனுக்கு வெட்டுகிற இடத்தில்தான் கண் இருக்கும். அந்தக் காவல் வேலைதான் எங்களுடையது.

1880களில் பெர்லினில் பெர்க்மன் என்ற சர்ஜன் துணிகளை நீராவியில் வேகவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய உதவியாளர் ஷிம்மல்புஷ் அதற்கு ஒரு டிரம் செய்தார். உருண்டையான உலோக டப்பா, பக்கவாட்டில் ஓட்டைகள், ஓட்டையைத் திறந்து மூட ஒரு பட்டை. நூறு வருஷம் கழித்து சேலத்தில் என் முதல் ஆறு மாதம் அந்த டிரம்மை அடுக்குவதிலேயே போனது. கவுனை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி மடிக்க வேண்டும், போடுகிறவர் கை வெளிப்பக்கத்தில் படக் கூடாது என்பதற்காக. துணியை நெருக்கித் திணிக்கக் கூடாது. "அடுக்கினதுக்கு அப்புறம் ரெண்டு துணிக்கு நடுவுல உன் கை போகணும். உன் கை போகலேன்னா ஆவி எப்படிப் போகும்?" என்பார் சிஸ்டர். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம். வெளியே எடுத்த உடனே ஓட்டைப் பட்டையை மூட வேண்டும். ஒரு நாள் நான் மூட மறந்துவிட்டேன். சிஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. டிரம்மைக் கவிழ்த்துத் துணியெல்லாம் தரையில் கொட்டிவிட்டு, "திரும்ப அடுக்கு" என்று போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் மூன்றரைக்குத்தான் சாப்பிட்டேன்.

கிளவுஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். இப்போது ஒரு தடவை போட்டுக் கழற்றி எறிகிறார்கள். நாங்கள் துவைத்தோம். துவைத்து, உள்ளே காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்து, கொடியில் காயவைத்து, பவுடர் போட்டு, ஆறரை, ஏழு, ஏழரை என்று சைஸ் பார்த்து ஜோடி சேர்த்து, துணிப் பைக்குள் வைத்து மறுபடி வேகவைப்போம். கைவிரல் பத்தும் விரித்த கிளவுஸ்கள் கொடியில் வரிசையாக ஆடுவதைப் பார்த்து, வார்டில் இருந்து எட்டிப் பார்த்த ஒரு பாட்டி பயந்துபோய் ஆபரேஷனே வேண்டாம் என்று சொன்னதும் உண்டு.

அந்த கிளவுஸ் வந்ததே ஒரு நர்ஸின் கையால். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்று ஒரு தியேட்டர் நர்ஸ். கிருமி நாசினியாகப் பயன்படுத்திய பாதரச உப்புக் கரைசல் பட்டு அவருடைய கைத்தோல் வெந்துபோனது. சர்ஜன் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனிக்கு எழுதி, 1889-90 வாக்கில் அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்ய வைத்தார். நோயாளியைக் காப்பாற்ற இல்லை, அந்தப் பெண்ணின் கையைக் காப்பாற்றத்தான். 1890இலேயே இருவருக்கும் கல்யாணமும் ஆயிற்று. கிளவுஸ் போட்டால் புண் சீழ் பிடிப்பதும் குறைகிறது என்பதை ஹால்ஸ்டெட்டின் உதவியாளர் பிளட்குட் (பெயரைப் பாருங்கள்) குடலிறக்க ஆபரேஷன்களை வைத்து அப்புறம்தான் எடுத்துக்காட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு கரோலின் வேலையை விட்டுவிட்டார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

மயக்க மருந்திலும் நர்ஸ்கள் இருந்தார்கள். மின்னசோட்டாவில் மேயோ சகோதரர்கள் என்ற சர்ஜன்களிடம் வேலை பார்த்த நர்ஸ் ஆலிஸ் மேகா, 14,000க்கும் மேற்பட்ட பேருக்கு மயக்கம் கொடுத்து, மயக்கத்தால் ஒருவரும் சாகவில்லை என்று 1906இல் எழுதினார். நம் ஊரில் அது டாக்டர் வேலை, அப்படியே இருக்கட்டும். ஆனால் உங்கள் படத்தில் மயக்க மருந்து டாக்டர் பெயர் இருப்பதைப் பார்த்தபோது ஆலிஸ் ஞாபகம் வந்தது.

சேலத்துக்கே உரிய ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1926இல் பாஸ்டனில் போவி என்பவர் செய்த மின்சாரக் கருவியை வைத்து குஷிங் என்ற சர்ஜன் மூளை ஆபரேஷன் செய்தார். ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் கருவி. நாங்கள் 'டயாதெர்மி' என்போம், டாக்டர்கள் இன்றும் 'காட்டரி' என்பார்கள். உடம்பில் தொடைக்கு அடியில் ஒரு தகடு வைப்போம், மின்சாரம் அந்த வழியாகத் திரும்பிப் போக. தகடு சரியாக ஒட்டாமல், உடம்பில் வேறு உலோகம் மேஜையைத் தொட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளும், அந்த இடம் வெந்துவிடும். இப்போது யோசியுங்கள், இது வெள்ளிக் கொலுசு செய்கிற ஊர்! செவ்வாய்ப்பேட்டையில் இருந்து வரும் பெண்ணுக்குக் காலில் கொலுசு, விரலில் மெட்டி. ஆம்பிளைகளுக்கு இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி. எங்கள் தியேட்டருக்கு அந்த மெஷின் வந்த பிறகு எல்லாவற்றையும் கழற்றச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. கொலுசு பிரச்சினை இல்லை. அரைஞாண் கொடியைக் கழற்ற ஆம்பிளைகள் அழுத அழுகை இருக்கிறதே! தாலிக்கு சிஸ்டர் ஒரு வழி வைத்திருந்தார். மஞ்சள் நூலில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்து முதலில் அதைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் தங்கத்தைக் கழற்றி மாமியார் கையில் கொடுப்பார். கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்காது. எந்தப் பாடத்திலும் எங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

படிப்பு என்று பார்த்தால் நம் மாநிலம் பின்தங்கியது இல்லை. 1871இல் மெட்ராஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்ஸிங் பள்ளி வைத்தார். 1926இல் மெட்ராஸ் நர்ஸ்கள், மருத்துவச்சிகள் சட்டம். 1946இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப் படிப்பு. அமெரிக்காவில் தியேட்டர் நர்ஸ்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் சேர ஆரம்பித்தது 1949இல், இங்கிலாந்தில் 1964இல். இரண்டாம் உலகப் போரில் நர்ஸ் பற்றாக்குறையால் டெக்னீஷியன்களைப் பழக்கி தியேட்டருக்குள் விட்டார்கள். போர் முடிந்ததும், 'இவர்களே போதுமே, நர்ஸ் எதற்கு?' என்று கேள்வி வந்தது. அந்தக் கேள்வி இப்போது இங்கேயும் வந்திருக்கிறது. நான் டெக்னீஷியன்களைக் குறை சொல்ல மாட்டேன், கருவியை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேஜையில் படுத்திருப்பவர் கருவி இல்லை.

இந்தியாவில் இந்திய நர்ஸிங் கவுன்சில் பாடத்திட்டப்படி தியேட்டர் நர்ஸிங்குக்கு என்றே ஒரு வருஷ டிப்ளமோ இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்த ஒரு பெண்ணை, நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) மூன்றே மாதத்தில் காய்ச்சல் வார்டுக்கு மாற்றினார்கள். "ரொட்டேஷன்" என்றார்கள். சர்ஜனை அப்படி மாற்றுவார்களா? எலும்பு டாக்டரைக் கண் வார்டுக்கு மூன்று மாதம் போய்விட்டு வாருங்கள் என்பார்களா? மே 12 நர்ஸ் தினத்தன்று மேடையில் 'உழைச்செல்வான்' என்று வள்ளுவர் மருந்தின் நான்கு கூறில் ஒன்றாக நம்மைச் சொன்னதை எடுத்துச் சொல்லி, ஒரு ரோஜாவும் லட்டும் கொடுப்பார்கள். மறுநாள் டியூட்டி லிஸ்டில் வள்ளுவர் இருக்க மாட்டார்.

இப்போது எண்ணும் கதை.

வருஷம் 1987, மழைக்காலம். ராத்திரி பதினொன்றரைக்கு ஏற்காட்டில் இருந்து எஸ்டேட் ஜீப்பில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவதற்குள் உடம்பு வெளுத்துவிட்டது. கரு, கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கி வெடித்துவிட்டது. வயிற்றைத் திறந்தால் முழுக்க ரத்தம். மாப் மேல் மாப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மாப் என்பது வயிற்றுக்குள் வைக்கும் கனத்த துணி, ஓரத்தில் ஒரு நாடா இருக்கும். ஐந்து ஐந்தாகக் கட்டி வைத்திருப்போம். கட்டைப் பிரிக்கும்போது எண்ண வேண்டும், உள்ளே மூடுவதற்கு முன் எண்ண வேண்டும், தோல் தைக்கும் முன் மறுபடி எண்ண வேண்டும். எங்களிடம் போர்டு எல்லாம் கிடையாது. சுவரில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு. அதில் 20 என்று எழுதியிருந்தது.

எண்ணினால் 19.

"சார், கணக்கு சரியில்ல" என்றேன். ஆபரேஷன் செய்துகொண்டிருந்த சீஃப் சர்ஜனுக்குக் கோபம். "பிரஷர் இறங்குது. க்ளோஸ் பண்ணணும். நல்லா எண்ணு." மறுபடி எண்ணினேன். 19. "உள்ள இல்ல, நான் பாத்துட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பார்த்திருப்பார். ஆனால் ரத்தத்தில் ஊறிய மாப் ரத்தத்தைப் போலவே இருக்கும், குடலுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும். இப்படி உள்ளே தங்கிப்போவதற்கு 'காஸிபிபோமா' என்று ஒரு பெயரே உண்டு. லத்தீன் பருத்தியும் ஸ்வாஹிலி ஒளிவிடமும் சேர்ந்த சொல் என்பார்கள். நான் ஊசிப் பிடியை டிராலியில் வைத்துவிட்டு, "கணக்கு வராம நூல் கொடுக்க மாட்டேன் சார்" என்றேன். எனக்கு 31 வயது. குரல் நடுங்கியது. அப்பாவின் டார்ச் ஞாபகம் வந்தது என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும், ஆனால் வந்தது.

சீஃப் என்னைத் திட்டிக்கொண்டே மறுபடி உள்ளே கைவிட்டுத் தேடினார். மேஜையில் நிற்காமல் வெளியே இருந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் தரையில் மண்டியிட்டுத் தேடினார். கடைசியில் பக்கெட்டில் இருந்த மாப்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசினோம். ஒன்றுக்குள் ஒன்று ஒட்டி மடிந்து இரண்டு மாப் ஒன்றாகக் கிடந்தது. 20.

அதாவது வயிற்றுக்குள் எதுவும் இல்லை. சீஃப் சொன்னது சரி. நான் ஏழு நிமிஷம் வீணாக்கினேன், பிரஷர் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் ஏழு நிமிஷம். அவர் பிழைத்துக்கொண்டார், பிழைக்காமல் போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதுவேனா என்று தெரியவில்லை. வெளியே வந்து சிஸ்டரிடம் அழுதேன். அவர், "கணக்கு வரலேன்னா வரலதான். பக்கெட்டுல இருந்தா என்ன, வயித்துல இருந்தா என்ன, உனக்கு எப்படி முன்னாடியே தெரியும்?" என்றார். மறுநாளில் இருந்து அலசி, நாடாவைப் பிடித்து ஸ்டாண்டில் ஐந்து ஐந்தாகத் தொங்கவிட ஆரம்பித்தோம். சீஃப் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அடுத்த கேஸில் நூல் கேட்பதற்கு முன், தலையைத் தூக்காமலே, "கணக்கு?" என்றார். ரிட்டயர் ஆகிற வரைக்கும் கேட்டார்.

2008இல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மொத்தம் 19 அம்சம். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் செய்து பார்த்ததில் இறப்பு நூற்றுக்கு 1.5இல் இருந்து 0.8 ஆகக் குறைந்தது. அதில் ஒரு வரி: துணி, ஊசி, கருவி எண்ணிக்கை சரி என்று நர்ஸ் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதைப் படித்தபோது அந்தச் சிலேட்டைத்தான் நினைத்தேன். இன்னொரு வரி: கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும்.

எங்கள் தியேட்டரில் அதை முதல் நாள் செய்தபோது எல்லோருக்கும் சிரிப்பு. இத்தனை வருஷமாகக் கூடவே நிற்கிறோம், இப்போது போய்ப் பெயர் சொல்வதா? வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். என் முறை வந்து நான் முழுப் பெயரைச் சொன்னதும், பதினாறு வருஷம் என்னோடு வேலை பார்த்த ஒரு டாக்டர் நிமிர்ந்து, "அதா உங்க பேரு?" என்றார். அதுவரை நான் அவருக்கு வெறும் 'சிஸ்டர்'.

ஐயா, கடிதம் நீண்டுவிட்டது, வேண்டிய இடத்தில் கத்தரித்துக்கொள்ளுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். பெயர் போடவில்லை என்று குறை சொல்கிறவளே இப்படிக் கேட்பது வேடிக்கைதான். ஆனால் அந்தச் சீஃப் இன்றும் காலையில் செரி ரோட்டில் வாக்கிங் போகிறார், பார்த்தால் பேசிக்கொள்கிறோம். படத்தில் இடது ஓரத்தில் நிற்கும் சிஸ்டரின் பெயரைத் தனித் தாளில் எழுதி இதோடு பின் பண்ணியிருக்கிறேன். அவர் இப்போது இல்லை. மகளிடம் போனில் கேட்டேன், தாராளமாகப் போடலாம் என்றார். இனிஷியலில் தப்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்,
அஸ்தம்பட்டி, சேலம்.